குறை வரும் கணம்: கூத்துச் சபை ஏற விரும்புகிறவருக்கு

பங்குனி பிறந்தால் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதம் வைக்கும் பேச்சு எழுந்துவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, நிறைவு நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி என்று அக்னி வசந்த விழா நடந்தேறும். அந்த இரவுகளில் ஒன்றில் கட்டையும் சலங்கையும் கட்டித் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தும், தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற எண்ணத்தால் வருடக் கணக்காகப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டவருக்காக இந்த அத்தியாயம். அடவுகளையும் பாட்டுகளையும் இங்கே கற்றுத்தரப் போவதில்லை. அதற்கு வாத்தியார் வேண்டும். வாத்தியாரிடம் போவதைத் தள்ளிப்போடச் செய்கிற குறைகளையும், போன பிறகு சபையில் காலை வாரிவிடுகிற குறைகளையும் எப்படிக் கையாள்வது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

‘எனக்குச் சபைக்கூச்சம்’, ‘எனக்குக் குரல் கிடையாது’, ‘எனக்கு மறதி அதிகம்’. அநேகமாக இந்த மூன்றில் ஒன்றைத்தான் நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மூன்றிலும் ஒரே பிழை இருக்கிறது: குறையை ஆளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். கூச்சமுள்ளவர் என்று ஒருவரைச் சொன்ன பிறகு அவர் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் அந்தக் கூச்சமுள்ளவர் களத்துமேட்டில் சத்தம் போட்டு ஆள் கூப்பிடுகிறார், சந்தையில் பேரம் பேசுகிறார், பேரப்பிள்ளைக்கு ராத்திரி கதை சொல்கிறார். கூச்சம் அங்கெல்லாம் வருவதில்லை. அது வருவது ஒரு குறிப்பிட்ட கணத்தில், உடம்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தில்: விருத்தத்தின் முதல் சொல்லை எடுக்கும்போது தொண்டையில், கிறிக்கி சுற்றி நின்று வசனம் தொடங்கும்போது மூச்சில், எதிரே நிற்கிறவர் பேசும்போது சும்மா இருக்கிற கையில். கணம் தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு பழக்கத்தைக் கொடுக்கலாம். இந்த அத்தியாயத்தின் வாதம் அவ்வளவுதான். கூத்து இதற்கு மிகவும் தோதான கலை என்பதையும் போகப்போகக் காட்டுகிறேன். அதன் அமைப்புக்குள்ளேயே புதியவரைத் தாங்கும் படிகள் இருக்கின்றன.

கணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

ஆவணி, புரட்டாசி தாண்டி மழை பிடித்துவிட்டால் கூத்து குறையும். கலைஞர்களுக்கும் ஓய்வு கிடைக்கும். ஐப்பசியில் தொடங்கினால் பங்குனிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தை எதையும் திருத்தாமல், கண்டுபிடிப்பதற்கு மட்டுமே செலவிடுங்கள்.

1. ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு திரை விருத்தம், ஒரு பாட்டு, பத்து வரி வசனம். பிடித்த வேஷமாக இருப்பது நல்லது. கடினமான வேஷமாக இருக்க வேண்டியதில்லை.
2. அதை மூன்று முறை, மூன்று வேறு நாளில் செய்யுங்கள். முதல் முறை தனியாக. இரண்டாம் முறை வீட்டார் இருவர் முன்னால். மூன்றாம் முறை, கூத்து தெரிந்த இருவராவது உள்ள பத்துப் பேர் முன்னால்.
3. ஒவ்வொரு முறையும் செல்போனை ஒரு முக்காலியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். முதல் வரிசைப் பார்வையாளர் உட்காரும் தூரத்தில், அவர் கண் உயரத்தில் அது இருக்கட்டும்.
4. பதிவை அன்றிரவே பார்க்காதீர்கள். மறுநாள் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு போனைக் கவிழ்த்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்.
5. கண்டதை நேரத்தோடு எழுதுங்கள். ‘1 நிமிடம் 40 நொடி: வலது கை தொடையைத் தேய்க்கிறது’ என்று எழுதலாம். ‘மோசம்’, ‘அசிங்கம்’, ‘பரவாயில்லை’ போன்ற சொற்கள் நோட்டில் வரக் கூடாது.
6. மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஆறாவது படியில்தான் விஷயம் தெளியும். மூன்று முறையும் வந்த குறை, பயிற்சி போதாமையால் வருவது. தனியாக இருக்கும்போதும் அது வந்திருக்கிறது என்றால் சபையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பத்துப் பேர் முன்னால் மட்டும் வந்தது, சபையால் வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு. தாளம் தப்புவது பயிற்சிக் குறையாக இருக்கையில் அதைப் பயம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. பாட்டு முழுதாகத் தெரிந்தவர், நடுக்கத்தால் தடுமாறியதை ‘இன்னும் மனப்பாடம் ஆகவில்லை’ என்று எண்ணி நூறாவது முறையும் ஒப்பிப்பதும் உண்டு. இரண்டிலும் உழைப்பு வீணாகிறது. அதைவிட வருத்தம், உழைத்தும் வரவில்லையே என்ற மனச்சோர்வு மிஞ்சுகிறது.

குறிப்பு: பார்த்தவர்களிடம் ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ‘நல்லா இருந்துச்சு’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். ‘எந்த இடத்தில் சொல் விளங்கவில்லை?’, ‘எப்போது உங்கள் கண் என்னை விட்டு வேறு பக்கம் போனது?’ என்று கேளுங்கள்.

சபை நடுக்கம்

‘ஏறி ஏறித்தான் பயம் தெளியும்’ என்பது எல்லோரும் தருகிற அறிவுரை. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி ஆபத்தானது. அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் சயான்ஸ் 1965-இல், பிறர் பார்க்கும்போது மனிதர் செய்யும் செயலைப் பற்றிய முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு முடிவுக்கு வந்தார்: நன்றாகப் பழகிய செயல் பிறர் முன்னால் இன்னும் நன்றாக வருகிறது, பழகாத செயல் இன்னும் கெடுகிறது. பின்னர் 1982-இல் வெளியான ஓர் ஆய்வு பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களைக் கவனித்தது. சுற்றி ஆட்கள் வந்து நின்றதும் தேர்ந்தவர்களின் அடி 100-க்கு 71-லிருந்து 80 ஆக உயர்ந்தது. தேராதவர்களின் அடி 36-லிருந்து 25 ஆக இறங்கியது. ஆட்டக்காரர்கள் சிலரே, ஒரே ஓர் ஆய்வு என்பதால் எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசை, கூத்து பார்த்துப் பழகிய எவருக்கும் விளங்கும். சபை உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பெருக்கிக் காட்டுகிறது. அரைகுறையாகப் பழகிய பாட்டோடு சபை ஏறுகிறவர் பயத்தைத் தெளிவித்துக்கொள்ளவில்லை, தடுமாறவே பழகுகிறார். ஆகவே ஏறத்தான் வேண்டும், ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் என்ற அளவுக்குப் பழகிய சிறு துண்டோடு ஏற வேண்டும். வாத்தியார்கள் புதியவருக்குத் தோழி, தூதன், காவலன் என்று சில நிமிட வேஷமே கொடுத்ததன் பொருத்தம் இதில் இருக்கிறது.

அனுபவம் மட்டுமே பயத்தைப் போக்கிவிடும் என்பதற்கு எதிராக நிற்கிற பெரிய உதாரணம் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஒலிவியே. 1907-இல் பிறந்த அவர், உலகமே கொண்டாடிய நடிகராகி, 1960-களின் நடுவில், ஐம்பதைக் கடந்த வயதில், கடுமையான சபை நடுக்கத்துக்கு ஆளானார். அது சில ஆண்டுகள் நீடித்தது. அந்த நிலையிலும் அவர் மேடையை விடவில்லை. ‘ஒத்தெல்லோ’வில் தான் தனியாகப் பேசும் நேரத்தில் சக நடிகர் தன் பார்வையில் படும்படி நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பயம் போகும்வரை காத்திராமல், பயம் வருகிற கணத்தில் ஒரு துணையை நிறுத்திக்கொண்டார். கூத்தில் இந்தத் துணையை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கட்டியங்காரன் இருக்கிறான். முதுகுக்குப் பின்னால் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் இருக்கின்றன. நீங்கள் பாடிய வரியை வாங்கிப் பாடப் பின்பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

திரைப் பிரவேசத்தை ஒரு பயிற்சி முறையாகப் பாருங்கள். இருவர் துணியைப் பிடித்து நிற்கிறார்கள். உங்கள் குரல் முதலில் சபைக்குப் போகிறது. முகம் இன்னும் போகவில்லை. பிறகு திரைக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் தெரிகின்றன. கட்டியங்காரன் நீங்கள் யார் என்று கேட்கிறான், பதில் சொல்கிறீர்கள். எல்லாம் முடிந்த பிறகே திரை விலகுகிறது. ஒரே அடியில் ஆயிரம் கண்ணுக்கு முன்னால் தள்ளப்படாமல், குரல், கால், முகம் என்று தவணை தவணையாக வெளிப்படுகிறீர்கள். பயத்துக்குச் சிகிச்சை தருகிறவர்கள் இன்று படிப்படியாகப் பழக்குவதையே முதன்மையாகச் செய்கிறார்கள். கூத்தின் பிரவேசத்தில் அந்தப் படிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவசரப்பட்டு அவற்றைத் தாண்டிக் குதிக்காமல் இருந்தால் போதும்.

நடுக்கத்துக்கான வரிசை இது:

1. வீட்டில் இரண்டு வாரம், ஒரு வேட்டியை யாராவது பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் பாடுங்கள். வெளியே வராதீர்கள்.
2. அடுத்த இரண்டு வாரம், திரை விலகிய பிறகு முதல் நான்கு அடியும் முதல் ஒரு வாக்கியமும் மட்டும். அதோடு நிறுத்திவிடுங்கள்.
3. பிறகு முழுத் துண்டு. பார்ப்பவர்களை மூன்று, ஆறு, பன்னிரண்டு என்று கூட்டுங்கள்.
4. கூத்து இரவில், முகம் எழுதி முடித்த பிறகு பாடத்தைப் புரட்டாதீர்கள். கையை வைத்து வயிறு அசைகிறதா என்று பார்த்து, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளும்படி பத்து மூச்சு விடுங்கள்.
5. திரைக்குப் பின்னால் வந்ததும் கண்ணை ஆர்மோனியக்காரர் மேல் வையுங்கள். முதல் சுருதியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

நான்காம் படியில் ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டாம். ஹார்வர்டில் அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடப் போகுமுன் ‘பதற்றமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். காரணம் எளிது. நெஞ்சு படபடப்பது இரண்டிலும் ஒன்றுதான். படபடக்கும் நெஞ்சை அடக்குவது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். துரியோதனனாகவோ பீமனாகவோ வரப்போகிறவருக்கு அந்தப் படபடப்பு வேண்டியதும்கூட. இன்னொன்று: நடுக்கம் வெளியே தெரிகிறது என்று நாம் நினைக்கிற அளவுக்கு அது தெரிவதில்லை. 2003-இல் வெளியான கிலோவிச், சவிட்ஸ்கி ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தபோது பேச்சாளர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். கூத்தில் முகத்தின் மேல் முத்துவெள்ளையும் சிவப்பும், தோளில் புஜக்கட்டையும், மார்பில் பதக்கமும் இருக்கின்றன. வெளிறிய முகமும் நடுங்கும் தோளும் சபைக்கு எப்படித் தெரியும்?

எச்சரிக்கை: நடுக்கத்துக்கு ஒரு மடக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மது முதலில் தளர்த்துவது உங்கள் கணிப்பை. தாளம் தப்புவது உங்களுக்கே தெரியாமல் போகும். இரவு முழுக்க வேர்க்கும் உடம்பின் நீரையும் அது குறைக்கும். படபடப்பைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல், அடுத்தவர் சீட்டை வைத்து வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அவற்றில் சில உயிருக்கே ஆபத்து.

மறதி

கூத்தில் மறதிக்குப் பயப்படுகிறவர், பெரும்பாலும் அதைப் பள்ளிக்கூட நாடகம்போல நினைத்துக்கொள்கிறார். பாட்டும் விருத்தமும் கட்டுப்பட்டவை, வசனம் அப்படியல்ல. நிகழ்ச்சிகளின் கோர்வை மாறாமல் இருந்தால் வசனத்தை அன்றைய சபைக்கு ஏற்ப நீட்டவும் குறைக்கவும் இடம் உண்டு. எனவே மனப்பாடத்தின் சுமையைப் பிரித்து வையுங்கள். கோர்வையைக் கதையாக நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பாட்டின் முதல் சொல்லையும் ராகத்தையும் தனியாகக் கைப்பட எழுதிப் படியுங்கள். வசனத்தை உங்கள் சொல்லில் ஐந்து விதமாகச் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து படித்ததை நின்று ஆடும்போது தேடினால் கிடைப்பது கடினம். ஆகவே நடந்துகொண்டே, அடவு போட்டுக்கொண்டே படியுங்கள். நடுவிலிருந்து தொடங்கும் பயிற்சி மிக முக்கியம். மறதி வந்தவர் பாட்டின் முதல் வரிக்குத் திரும்பி ஓடுவது, அங்கிருந்து மட்டுமே தொடங்கிப் பழகியதால்.

மறதி வருகிற கணத்துக்கு மூன்று வழி வைத்துக்கொள்ளுங்கள். பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திரும்பப் பாடும் நேரம் உங்களுக்கு மூச்சும் யோசனையும் தரும் நேரம். அந்த நேரத்தில் அடுத்த வரியின் முதல் சொல்லைத் தேடுங்கள், பாடிய வரியை எண்ணி வருந்தாதீர்கள். அது போதாவிட்டால் ஒரு சுற்று அடவு போட்டு வாருங்கள், மிருதங்கக்காரர் புரிந்துகொள்வார். அதுவும் போதாவிட்டால் கட்டியங்காரனைப் பார்த்து, முன்பே பேசிவைத்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்டே உங்களைக் கதைக்குள் கொண்டுவந்துவிடுவார். இந்தச் சொல்லை முன்பே பேசி வைக்காமல் போவதுதான் புதியவர் செய்யும் பெரும் தவறு. கூச்சப்பட்டு உதவி கேட்காமல் இருந்தவருக்கு, சபையில் எல்லோர் முன்னாலும் உதவி கேட்கும் நிலை வருகிறது.

குரல்

கூத்தின் சுருதி உயரம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசிப் பாய் வரைக்கும் கேட்கப் பாடிய மரபு அது. இன்று மைக் இருக்கிறது. ஆனாலும் பழைய வேகத்தில் கத்திப் பாடும் வழக்கம் போகவில்லை. ‘குரல் இல்லை’ என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது மூச்சு. கிறிக்கி சுற்றிவிட்டு நெஞ்சு வாங்க நின்று, தோளைத் தூக்கி மூச்சை இழுத்து, தொண்டையை இறுக்கிப் பாடுகிறார்கள். அந்த இறுக்கத்தைச் சபை குரல் குறை என்று கேட்கிறது. சோதிப்பது எளிது: அதே பாட்டை மல்லாந்து படுத்துக்கொண்டு, அதே சுருதியில் பாடுங்கள். நன்றாக வந்தால் உங்கள் குறை குரலில் இல்லை, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள மூச்சில்.

1. முதல் மாதம்: காலையில் பதினைந்து நிமிடம், வாயை மூடி ‘ம்’ என்று தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல ஏறுங்கள். வலித்தால் நிறுத்துங்கள்.
2. இரண்டாம் மாதம்: பாட்டை ஒரு சுருதி தாழ்த்தி, நின்றபடி பாடுங்கள்.
3. மூன்றாம் மாதம்: ஒரு கிறிக்கி சுற்றி, நான்கு எண்ணும்வரை நின்று, பிறகு பாடுங்கள். வாரத்துக்கு ஓர் எண்ணாகக் குறையுங்கள்.
4. நான்காம் மாதம்: சபைச் சுருதியில், சலங்கையோடு.

சுருதியே எட்டாதவர் என்ன செய்வது? இதற்குத் தமிழ் மேடையிலேயே பழைய விடை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு தொடங்கியதை ஒட்டி வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகளில், பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைவது தீராத பிரச்சினை. குரல் உடைந்த பையனைத் துரத்திவிடாமல், பாட்டு குறைந்த வேஷத்துக்கு மாற்றி வைப்பார்கள். அது இரக்கம் மட்டுமல்ல, தொழில் அறிவும்கூட. கூத்திலும் வேஷங்கள் பலவிதம். வசனத்தால் நிற்கும் வேஷம் இருக்கிறது, ஆட்டத்தால் நிற்கும் வேஷம் இருக்கிறது, சிரிக்கவைத்து நிற்கும் கட்டியங்காரன் இருக்கிறான். எந்த வேஷத்தில் உங்கள் குறை குறைவாகத் தலைகாட்டும் என்று வாத்தியாரிடமே கேளுங்கள். ஆனால் இதைக் கேட்பது ஐந்து மாதம் உழைத்த பிறகு. முதல் நாளே கேட்டால் அது சாக்கு.

எச்சரிக்கை: குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் தொண்டைக்கு உழைப்பே. பேசாமல் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், ஆவி பிடியுங்கள். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யும் பழக்கத்தை விடுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் இருந்தால் திருவண்ணாமலைக்குப் போய்க் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கஷாயத்தை நம்பி அடுத்த கூத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

திக்குவாய் உள்ளவருக்கு

இவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம், கூத்தைவிட இவர்களுக்குத் தோதான மேடை குறைவு என்பதே. பேசும்போது திக்குகிறவர் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து சொல்லும்போதும், தாளத்துக்குச் சொல்லும்போதும் திக்கு வெகுவாகக் குறைகிறது. இது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. கூத்தில் விருத்தம், பாட்டு, பின்பாட்டோடு சேரும் இடங்கள் என்று பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. மிஞ்சுவது வசனம், அதையும் ராகம் கலந்து இழுத்துச் சொல்லும் கூத்து வழக்கு இருக்கிறது. பாட்டு மிகுந்த வேஷத்தில் தொடங்கி, வசனத்தை வருடத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கூத்து ஆடினால் திக்கு குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேடைக்கு வெளியே அது தொடரலாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் போவதைக் கூத்துக்காக நிறுத்தாதீர்கள்.

பரம்பரை இல்லாதவர்

இத்தனையும் படித்துவிட்டு ஒருவர் சொல்லலாம்: ‘பழக்கத்தால் வருவது ஓரளவுதான். கூத்து ரத்தத்தில் வர வேண்டும்.’ இது லேசாகத் தள்ளக்கூடிய எதிர்வாதமல்ல. நம் மாவட்டத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் கூத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் போன்ற கலைஞர் அந்த வழியில் வந்தவர். ஆனால் பரம்பரை ஒரு குழந்தைக்கு என்ன தருகிறது என்று பிரித்துப் பாருங்கள். நடக்கத் தொடங்கும் முன்பே தாளம் காதில் விழுகிறது. ஆறு வயதில் கிரீடம் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறது. தூக்கக் கலக்கத்தில் படுகளம் கேட்கிறது. இவை எல்லாமே மணிக்கணக்கு. ரத்தத்தில் கரைந்தது எதுவும் இல்லை. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில், கூத்துப் பரம்பரையே இல்லாத நகரத்து நடிகர்களுக்கு அதே கண்ணப்பத் தம்பிரான் கூத்து கற்றுக்கொடுத்தார். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று கட்டை கட்டி ஆடினார்கள். ஆண்களே ஸ்திரீ வேஷம் கட்டி வந்த ஒரு கலையில், ‘பெண் உடம்பு கட்டையைத் தாங்காது’ என்று சொல்லப்பட்டதையும் ஒரு குறையாகத்தான் சேர்க்க வேண்டும். பயிற்சி கிடைத்ததும் அந்தக் குறை காணாமல் போயிற்று. பரம்பரைக்காரரை எட்ட உங்களுக்கு அதிக வருடம் பிடிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எட்டவே முடியாது என்பதற்கு மட்டும் சான்று இல்லை.

வேறு சிலர், குறையைத் திருத்தித் திருத்தி ஆளின் தனித்தன்மை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். கரகரத்த குரலே ஒரு ராட்சச வேஷத்துக்கு அழகாகலாம், உண்மை. அதனால்தான் முதல் பட்டியலில் மதிப்பீட்டுச் சொல் கூடாது என்றேன். கதை விளங்குவதைத் தடுப்பது, சக நடிகரைத் தடுமாறவைப்பது, உடம்பைக் கெடுப்பது: இந்த மூன்றில் ஒன்றைச் செய்தால்தான் அது குறை. மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

உடம்பும் பாதுகாப்பும்

கூத்து ஏறத்தாழ இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகும். களைத்த உடம்பில் எல்லாக் குறையும் திரும்பி வரும்; ஆகவே இதுவும் குறை தீர்க்கும் வேலையின் பகுதி.

1. கட்டையின் பாரத்தை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். துணிப்பையில் மணல் கட்டித் தோளில் வைத்து ஆடி, வாரா வாரம் சிறிது கூட்டுங்கள். கயிறு அக்குளில் மரத்துப்போகும்படி இறுகக் கூடாது.
2. கிறிக்கியில் தலைசுற்றினால், வெறுந்தலையாகப் பழகும்போது ஒரு விளக்கைக் குறியாக வைத்து அதைக் கடைசிவரை பார்த்துத் திரும்புங்கள். கிரீடம் கட்டிய பிறகு தலையை வெட்டித் திருப்பாதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும், சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
3. சிமெண்டுத் தரையில் சலங்கையோடு பயிற்சி வேண்டாம். மண் தரையே முழங்காலுக்கு நல்லது.
4. அரிதாரம் என்பது ஆர்சனிக் சேர்ந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். பழைய செந்தூர வகைகளில் ஈயமும் பாதரசமும் இருந்தன. மூட்டையில் கிடக்கும் பெயர் தெரியாத பொடியை முகத்தில் பூசாதீர்கள். ஒப்பனைக்கென்று விற்கும் பொருளை, முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவி முகம் எழுதினால் கலைப்பதும் எளிது.
5. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். வேஷம் கலைத்துப் போகும்போதெல்லாம் தண்ணீர், நீர்மோர்.
6. ஈரக் கையோடு மைக்கையோ விளக்கு ஒயரையோ தொடாதீர்கள். மழை தூறினால் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.
7. இரணியன், துச்சாதனன், நரசிம்மர் போன்ற ஆவேச வேஷங்களில், எதிர் நடிகரோடு ஒரு நிறுத்தக் குறியைப் பேசிவையுங்கள்: தோளில் இரண்டு தட்டு என்றால் உடனே பிடியை விட வேண்டும்.

ஏழாவதுக்கு ஓர் எதிர்ப்பு வரும். சாமி வந்து ஆடுகிற இடத்தில் குறி பேசிவைப்பது பக்திக் குறைவு என்பார்கள். ஆனால் இரணியன் கதையில் நரசிம்மர் வேஷக்காரரை ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் பக்தி மிகுந்த அதே மக்கள்தான். ஆவேசம் வரும் என்று தெரிந்தவர்கள், அதற்கான காவலையும் சேர்த்தே வைத்தார்கள்.

விடிந்த பிறகு

முதல் கூத்து முடிந்து முகம் கலைத்ததும், ஜமாவோடு டீ குடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். அன்று பகலில் யாருடைய பாராட்டையும் திட்டையும் எழுதிவைக்க வேண்டாம். மறுநாள் நோட்டை எடுத்து, ஐப்பசியில் எழுதிய மூன்று பட்டியலுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று எழுதுங்கள்: எந்தக் கணத்தில் தொண்டை இறுகியது, எந்த வரியில் பின்பாட்டு உங்களைக் காப்பாற்றியது, எந்த இடத்தில் கை தொடையைத் தேய்த்தது. பிறகு வாத்தியார் வீட்டுக்குப் போய், அவருக்கு ஓய்வான நேரம் பார்த்து உட்கார்ந்து, ‘மூணாவது பாட்டுல எனக்கு மூச்சு வாங்கிடுச்சுங்க வாத்தியாரே, அந்த இடத்த மட்டும் ஒருதரம் பாத்துச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். ‘நான் எப்படி ஆடினேன்’ என்று கேட்டால் அவர் சிரித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். இடத்தைச் சொல்லிக் கேட்டால் எழுந்து நின்று ஆடிக் காட்டுவார்.